மீதிச் சுருள்

ஆட்டம் தொடங்கப் பதினோரு நிமிடம்.
டர்பனில் ஏப்ரல். வெஸ்ட்வில் மேட்டில்
மைனாக்கள் எங்களைவிடச் சத்தமாகப்
பயிற்சி செய்துகொண்டிருந்தன.
இடைவேளைக்கு நறுக்கி வைத்த ஆரஞ்சில்
பாதியைக் குரங்குகள்
ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தன.

வந்த அணி பிரிட்டோரியா.
ஆளுக்கு இரண்டு மட்டை, தனிப் பேருந்து,
தண்ணீர்ப் புட்டியில்கூடச் சின்னம்.
எங்கள் பல்கலைக்கழக மகளிர் ஹாக்கிக்கு
விளையாட்டு அலுவலகம் தந்தது ஒரு நீலப் பை:
பஞ்சு, கத்தரிக்கோல்,
போன வருடம் பிரித்த ஒரு சுருள் வெள்ளை டேப்.

நடுவர் வரிசையாகக் கை பார்த்தார்.
மோதிரம், தோடு, கடிகாரம்.
என் முறை வந்ததும்
கையுறையைக் கழற்றச் சொன்னார்.

"இது என்ன?"

மஞ்சள் கயிறு. காப்பு.
சித்ரா பருவத்துக்கு இன்னும் ஆறு நாள்.
காவடி எடுக்கிறேன்;
புள்ளியியலில் இரண்டாம் முறை தேறியதற்கு
முருகனிடம் நான் பட்ட கடன்.
இதையெல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லப் போக
வாயில் வந்தது, வெறும் நூல்.

"நூல்தானே, வெட்டு."

கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தில்
பக்க எண்ணைக்கூடச் சொன்னார்.
பையிலிருந்த கத்தரிக்கோலை
யாரோ எடுத்து நீட்டியும் விட்டார்கள்.

அப்போதுதான் நொம்தாண்டாசோ, எங்கள் கேப்டன்,
ட்ராக்சூட் கையை மேலே இழுத்தாள்.
மணிக்கட்டில் ஆட்டுத்தோல் வளையம்,
ரோமம் இன்னும் உதிரவில்லை.
செத்துப்போன அப்பாவை
வீட்டுக்கு அழைத்துவர அறுத்த ஆடு.
இரண்டு வாரமாக உடைமாற்றும் அறையில்
அந்த வாடைக்கு நாங்கள்
ஜன்னலைத் திறந்து வைத்ததோடு சரி.

"இஸிபாண்ட்லா. தானாக விழும். வெட்டுவதில்லை.
இவளுடையதும் அப்படித்தான்."

முழு உண்மை இல்லை அது.
காப்பைக் கோயிலில் அவிழ்ப்போம்.
நான் திருத்தவில்லை.

நடுவர் கடிகாரம் பார்த்தார்.
"மூடுங்கள். வெளியே தெரியக்கூடாது. நாலு நிமிடம்."

ஸைனப் தன் இடது கணுக்காலில்
சுற்றிக்கொண்டிருந்த டேப்பைப் பாதியில் நிறுத்தினாள்.
போன வருடம் புரண்ட கால்.
சுருளில் மீதி எவ்வளவு என்று
எல்லோருக்கும் தெரிந்தது.
பல்லால் கடித்துத் துண்டித்து
எங்கள் பக்கம் உருட்டிவிட்டாள்,
கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதுபோல.

மூன்றாம் குவார்ட்டர்.
அவள் பக்கமாகவே வந்தார்கள்.
முதல் தடவை தடுத்தாள்.
இரண்டாம் தடவை எல்லாம் திரும்பியது,
கால் மட்டும் திரும்பவில்லை.
எனக்கும் கம்பத்துக்கும் நடுவே போன பந்து
பலகையில் மோதியதைத்தான் கேட்டேன்.
பிறகு ஒன்று. கடைசியில் இன்னொன்று.
நடுவில் நான் கையால் தட்டிவிட்டதும் ஒன்று உண்டு;
வலது கை, காப்புக் கை.
அதைப் பெரிதாகச் சொல்ல விருப்பமில்லை.
மூன்று, சைபர்.

கோட்டுக்கு வெளியே புல்லில் காலை நீட்டி
குரங்கு விட்டுவைத்த ஆரஞ்சைத் தின்றாள் ஸைனப்.
முருகனை ஒன்றும் சொல்லவில்லை,
நொம்தாண்டாசோவின் அப்பாவையும்.
என்னைத்தான் கேட்டாள்:
"கம்பத்தை விட்டு முன்னால் வந்திருக்கலாமே?"
வந்திருக்கலாம்.

குழாயடியில் டேப்பை உரித்தோம்.
என்னுடையதில் மஞ்சள் கறை.
கேப்டனுடையதில் ஆட்டு ரோமம்,
கூடவே அவள் கை ரோமமும்;
வலியில் ஸூலுவில் ஏதோ திட்டிவிட்டு
உடனே அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.
தொட்டியில் எறிந்ததை ஒரு குரங்கு எடுத்து,
முகர்ந்து, கொஞ்சம் யோசித்து,
திரும்பப் போட்டது.

திங்கட்கிழமை. விளையாட்டு அலுவலகம்.
புதுச் சுருளுக்கு விண்ணப்பம்.
பொருள்: டேப், ஒன்று.
பழையது தீர்ந்த காரணம்:
விரலகலத்தில் ஒரு கட்டம்.
நொம்தாண்டாசோ என்னைப் பார்த்தாள்.
நான் ஸைனப்பைப் பார்த்தேன்.
நொண்டிக்கொண்டு வந்து பேனாவை வாங்கி
அவளே எழுதினாள்:
கணுக்கால்.